கானாவின் அரசியலமைப்பில் ஊடகத்துக்கென்று ஓர் அத்தியாயம்: நடைமுறையில் அதனால் என்ன பயன்?

கொக்குவில் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் சனசமூக நிலையத்தில் கூடுவது வழக்கம். அடுத்த கூட்டத்தில், ஆபிரிக்க நாடொன்றின் அரசியலமைப்பு ஊடகச் சுதந்திரத்தை எவ்வாறு பாதுகாக்கிறது என்று பேசும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஏன் ஆபிரிக்கா என்று ஏற்கெனவே சிலர் கேட்டுவிட்டார்கள். நாம் ஆண்டுதோறும் நினைவுகூரும் மே 3 என்ற நாளே, 1991 இல் நமீபியாவின் விண்ட்ஹோக் நகரில் ஆபிரிக்கப் பத்திரிகையாளர்கள் கூடிச் செய்த பிரகடனத்தின் நாள்தான். 1993 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதை உலகத்துக்குரிய தினமாக்கியது. ஆகையால் அங்கிருந்தே தொடங்குவது பொருத்தம் என்று எண்ணினேன்.

கானாவைத் தெரிவு செய்தேன். 1992 ஏப்ரல் 28 இல் சர்வசன வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு, 1993 ஜனவரி 7 இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் அரசியலமைப்பில் 12 ஆம் அத்தியாயம் முழுவதும், அதாவது 162 தொடக்கம் 173 வரையான உறுப்புரைகள், ஊடகத்தின் சுதந்திரத்துக்கும் சுயாதீனத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. தணிக்கை இருக்கக் கூடாது என்று 162 ஆம் உறுப்புரை நேரடியாகவே கூறுகிறது. பத்திரிகை தொடங்குவதற்கோ நடத்துவதற்கோ முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கக் கூடாது என்கிறது. பத்திரிகை ஆசிரியரையோ வெளியீட்டாளரையோ அரசாங்கம் கட்டுப்படுத்தவும், அவர்களுடைய கருத்துக்காகத் தண்டிக்கவும், தொந்தரவு செய்யவும் கூடாது என்கிறது. அரச ஊடகங்கள் மாற்றுக் கருத்துகளுக்கு நியாயமான இடம் தர வேண்டும் என்று 163 பணிக்கிறது. இதற்கு அருகே எங்கள் இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையை வைத்துப் பார்த்தேன். பேச்சு, கருத்து வெளிப்பாடு ஆகியவற்றோடு வெளியிடுதலும் அடங்கும் என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது. பத்திரிகை என்ற சொல்கூட அந்த வரியில் இல்லை.

இதை முன்னோடிக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது, எங்கள் வட்டத்தின் மூத்தவரான ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. போதாக்குறைக்கு, 164 ஆம் உறுப்புரை தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொது ஒழுக்கம், பிறரின் நற்பெயரும் உரிமைகளும் ஆகியவற்றுக்காக நியாயமாகத் தேவைப்படும் சட்டங்களுக்கு இந்த உரிமைகள் உட்பட்டவை என்கிறது. முன்கதவால் கொடுத்ததைப் பின்கதவால் எடுத்துவிட்டார்களா? அத்தியாயம் நீளமாக இருப்பதால் கானாவின் பத்திரிகையாளர் ஒருவருக்கு உண்மையில் ஏதும் கிடைத்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுக்கடைப் பயணி:

ஐயா, நான் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் தொழில் செய்யும் சட்டத்தரணி. அடிப்படை உரிமை வழக்குகளுக்காக உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்புப் புதுக்கடைக்கு இரவு பஸ்ஸில் போய் வருவதால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன். அதிபர் சொன்ன சுரைக்காயைப் பற்றிப் பேச முன்னர், அந்த அத்தியாயம் ஏன் அவ்வளவு நீளமானது என்பதைப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பழைய காயத்தின் மேல் எழுதப்பட்டது. நாட்டின் முதல் தலைவர் நக்ருமா காலத்தில் குமாசி நகரிலிருந்து வந்த அஷாந்தி பயனியர் பத்திரிகை தணிக்கைக்கு உள்ளாகி 1962 இல் மூடப்பட்டது. ரோலிங்ஸின் இராணுவ ஆட்சியில் கத்தோலிக்கத் திருச்சபையின் வார ஏடு 1985 டிசம்பரில் தடை செய்யப்பட்டது. 1989 இல் வந்த பத்திரிகை உரிமச் சட்டமோ, இருந்த பதிவுகள் அனைத்தையும் ஒரே அடியில் நீக்கி, எல்லோரையும் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. அந்தக் காலத்தை அந்நாட்டவர்கள் மௌனக் கலாசாரம் என்றே இன்றும் குறிப்பிடுவார்கள். மூன்றாண்டுகளின் பின் அரசியலமைப்பை வரைந்தவர்களுக்கு உரிமம் என்ற சொல் எவ்வளவு கசந்திருக்கும் என்பதை 162(3) ஐ வாசித்தாலே உணரலாம்.

ஆனால் என் பார்வையில் கானாப் பத்திரிகையாளரின் உண்மையான காவல் 12 ஆம் அத்தியாயத்தில் இல்லை; முதலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அரசியலமைப்போடு முரண்படும் எந்தச் சட்டமும் அந்த முரண்பாட்டின் அளவுக்கு வெறிதானது, அதாவது செல்லாதது என்று உறுப்புரை 1(2) சொல்கிறது. அப்படி ஒரு முரண்பாடு இருப்பதாகக் கருதும் ஒருவர், தனக்கு நேரடிப் பாதிப்பு ஏற்பட்டதா என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு நேரே போகலாம் என்று உறுப்புரை 2 சொல்கிறது. சட்டம் நேற்று நிறைவேறியதா, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிறைவேறியதா என்பது பொருட்டில்லை.

எங்கள் நிலைமையை இதோடு ஒப்பிடுங்கள். சபாநாயகர் சான்றுரை எழுதிய பின்னர் ஒரு சட்டத்தின் வலிதான தன்மையை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்பது எங்கள் உறுப்புரை 80(3). 1978 இற்கு முன்னர் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்பது உறுப்புரை 16. ஆகவே 1973 ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் 16 இன் நிழலிலும், 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 80(3) இன் நிழலிலும் பத்திரமாக இருக்கின்றன. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் ஓடிப்போய் வழக்கிட்டால் உண்டு, இல்லையேல் இல்லை. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு எதிராகப் பல மனுக்கள் போடப்பட்டு, நீதிமன்றம் பல வாசகங்களைத் திருத்தச் சொல்லி, 2024 ஜனவரியில் அது நிறைவேறிய பின்னர், சொன்ன திருத்தமெல்லாம் உள்ளே வந்ததா என்ற வாதம் எழுந்தபோது, கேட்பதற்குக் கதவு இல்லாமற் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

கானாவில் அந்தக் கதவு திறந்திருப்பதால் நடந்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். 1993 இல் புதிய அரசியலமைப்புக்கு ஒரு வயதுகூட ஆகாத வேளையில், அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டத்தை விளக்குவதற்கு ஆளும் தரப்புக்கு நேரம் கொடுத்தது. 1992 டிசம்பர் பாராளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்திருந்ததால் புதிய தேசபக்திக் கட்சிக்குச் சபையில் ஓர் ஆசனமும் இல்லை. பேசுவதற்கு வானலையை விட்டால் வேறு இடமும் இல்லை. தமக்கும் அதேயளவு நேரம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், கூட்டுத்தாபனம் மறுத்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 163 ஆம் உறுப்புரையையும், கட்சிகளுக்கு அரச ஊடகத்தில் சமவாய்ப்பு என்று கூறும் 55(11) ஐயும் வைத்து நீதிமன்றம் கட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. எங்கள் தேர்தல் காலங்களில் அரச தொலைக்காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழக்கு எனக்கு இன்னும் பிடித்தது. 162 இன் சுதந்திரத்தைக் காப்பதற்கென்றே அதே அத்தியாயத்தால் உருவாக்கப்பட்ட தேசிய ஊடக ஆணைக்குழு, 2015 இல் ஒலி, ஒளிபரப்பு நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்துக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தது. சுயாதீன ஒலிபரப்பாளர்களின் சங்கம் வழக்கிட்டது. முன் அனுமதி என்பது தணிக்கையின் மறுபெயரே என்று கருதிய உயர் நீதிமன்றம், 2016 இல் அவ்விதிகளில் பலவற்றை வெறிதாக்கியது. வேலியே பயிரை மேயப் போன இடத்தில் வேலியைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் இதன் பொருள்.

164 பற்றிக் கேட்டீர்கள். அங்குள்ள "நியாயமாகத் தேவைப்படும்" என்ற சொற்கள்தான் முழு வழக்கும். அது நீதிபதிகளின் கையில் கொடுக்கப்பட்ட அளவுகோல். சில நீதிபதிகள் அதைச் சுருக்கியும் பிடிப்பார்கள். 1990 களில், அவதூறுக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் பழைய குற்றவியல் பிரிவு இந்த அத்தியாயத்தோடு முரண்படுகிறது என்று வாதிட்ட பதிப்பாளர்கள் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். குற்றவியல் அவதூறு 2001 இல்தான் ஒழிந்தது; அதையும் நீதிமன்றம் ஒழிக்கவில்லை, குஃபோர் சனாதிபதியாகி ஆட்சிக்கு வந்த பின்னர் பாராளுமன்றம் ஒழித்தது. அந்தச் சட்டமூலத்தின் காலத்தில் சட்டமா அதிபராக இருந்தவர் பின்னர் சனாதிபதியான நானா அக்குஃபோ-அடோ. இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. நாமும் 2002 இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டோம், நீளமான அத்தியாயம் எதுவும் இல்லாமலே.

இன்னொன்று. ஊடகம் பற்றிய அந்த முக்கிய உறுப்புரைகளைக் கானாவில் சாதாரணமாகத் திருத்த முடியாது. பதிவுசெய்த வாக்காளர்களில் குறைந்தது 40 வீதத்தினர் வாக்களித்து, அவர்களில் குறைந்தது 75 வீதத்தினர் ஆதரித்தால்தான் முடியும். எங்களிடம் சர்வசன வாக்கெடுப்பால் காக்கப்படும் உறுப்புரைகளின் பட்டியலில் 10 உம் 11 உம் இருக்கின்றன, 14 இல்லை.

கடலோரம் ஏழாண்டு:

சட்டத்தரணி ஐயா எழுதியதை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தேன். நான் பருத்தித்துறையைச் சேர்ந்தவன். வணிக நிறுவனமொன்றின் கணக்காளராக அக்ரா நகரில் ஏழாண்டுகள் இருந்தேன். சட்டம் தெரியாது, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் பத்திரிகைத் தட்டிகளுக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். தட்டியில் பத்துப் பன்னிரண்டு பத்திரிகைகளின் முதற்பக்கங்களைக் கவ்விகளால் கொழுவியிருப்பார்கள். ஒன்றையும் வாங்காமல் தலைப்புகளை மட்டும் வாசித்து, அங்கேயே நின்று தர்க்கிப்பவர்கள்தான் அதிகம். விற்பவர் ஒருவரையும் விரட்டிக் கண்டதில்லை. அதே நேரத்தில் பக்கத்துத் தேநீர்க் கடை வானொலியில் அதே தலைப்புகளை ஒருவர் ட்வி மொழியில் உரக்க வாசித்து, அமைச்சர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்துகொண்டிருப்பார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மீன் வியாபாரிப் பெண்ணுக்கும் அன்றைய பத்திரிகை அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பீஸ் எப்எம் என்ற வானொலி 1999 இல் உள்ளூர் மொழியில் ஒலிபரப்பத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம் இது என்று என்னோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் இயக்கம், ஆமி என்று எதைப் பற்றிக் கதைத்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வளர்ந்தவன் நான். முதல் ஆறு மாதம், அந்தத் தட்டிக்கு முன்னால் யாராவது அரசாங்கத்தைத் திட்டினால் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் பொய்யாகும். பத்திரிகைக்கு உரிமம் வேண்டாம் என்றாலும் வானொலிக்கு அலைவரிசை வேண்டும், அலைவரிசையைத் தருவது வேறொரு அதிகாரசபை. 1994 இல் அனுமதியின்றி ஒலிபரப்பிய ரேடியோ ஐ என்ற நிலையத்தை மூடிவிட்டார்கள். அதன் பின்னரே தனியார் நிலையங்களுக்கு வழி திறந்தது. 2019 மே மாதத்தில், எதிர்க்கட்சிக்கு நெருக்கமானவை என்று எல்லோரும் அறிந்த இரண்டு வானொலிகளை அனுமதிப்பத்திரக் குறைபாடு என்று காட்டி அடைத்தார்கள். குறைபாடு இருந்திருக்கலாம். அந்தக் குறைபாடு அவர்களிடம் மட்டுமா இருந்தது என்பதே தேநீர்க் கடையில் எழுந்த கேள்வி.

அதற்கு முன், அதே 2019 ஜனவரி 16 இரவு, அகமட் உசைன் சுவாலே என்ற துப்பறியும் ஊடகவியலாளரை அக்ராவின் மடினா பகுதியில் சுட்டுக் கொன்றார்கள். கால்பந்தாட்டத்தில் நடந்த இலஞ்சத்தை மறைகமராவில் பதிந்து வெளிப்படுத்திய குழுவில் அவர் இருந்தவர். முந்திய ஆண்டு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியில் அவருடைய படத்தைக் காட்டி, கண்டால் அடியுங்கள் என்று சொல்லியிருந்தார். கொலையில் தமக்குத் தொடர்பில்லை என்று அவர் பின்னர் மறுத்தார். ஒருவரும் தண்டிக்கப்படாமலே பல ஆண்டுகள் கழிந்தன. அன்றைக்கு 162 ஆம் உறுப்புரையில் ஒரு எழுத்தும் குறைந்திருக்கவில்லை.

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் கானா 2018 இல் 23 ஆம் இடத்தில் இருந்தது, 2022 இல் 60 ஆம் இடத்துக்கு இறங்கியது, 2024 இல் 50. அரசியலமைப்பு அந்தக் காலம் முழுவதும் அதேதான்.

பழைய ஒப்புநோக்குநர்:

தம்பிமாருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் இரவு வேலையாக எழுத்துப் பிழை பார்த்தே கண்ணாடியின் இலக்கம் கூடியவன் நான். அதிபர் சொன்ன பழமொழியை நானும் ஒரு காலத்தில் அடிக்கடி சொல்லியிருக்கிறேன்.

1990 களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் பத்திரிகைத் தாள் வராமல் நின்றபோது, பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அடித்தோம். நீலக் கோடும் சிவப்புக் கரைக்கோடும் எழுத்துகளுக்குள்ளால் ஓடும். ஒற்று எது, கோடு எது என்று பிரித்தறியாமல் நான் விட்ட பிழைகளுக்கு அளவில்லை. எங்கள் பத்திரிகையை ஒருவரும் தடை செய்யவில்லை. தாள் மட்டும் வரவில்லை. தடையாணை ஒன்று இருந்திருந்தால் அதை எதிர்த்து வழக்காவது போட்டிருக்கலாம்.

பிறகு 2000 இல் தணிக்கை. தணிக்கைக்கென்று அரசாங்கம் நியமித்த தகுதிவாய்ந்த அதிகாரியின் பார்வைக்குப் போய்த் திரும்பிய பக்கங்களில் குறுக்கே கோடு விழுந்திருக்கும். வெட்டிய இடத்தை வெள்ளையாக விட்டால் வாசகருக்கு விளங்கும் என்பது ஆசிரியரின் கட்சி. வெள்ளையாக விட்டால் நாளைக்கு எங்களுக்கும் விளங்கும் என்பது முகாமையாளரின் கட்சி. கடைசியில் நல்லெண்ணெய் விளம்பரம் ஒன்றை இரண்டு தடவை போட்டு நிரப்பினோம். ஒரே பக்கத்தில் ஒரே எண்ணெய் இரண்டு இடத்தில் வந்தால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று சில வாரங்களில் ஊரே அறிந்துகொண்டது, எண்ணெய்க் கடைக்காரரைத் தவிர. அவர் தமக்கு இலவசமாக ஒன்று கிடைத்தது என்று மகிழ்ந்தார். அந்த இரவுகளை நினைத்துக்கொண்டு "தணிக்கை இருக்கக் கூடாது" என்ற கானாவின் வரியை வாசித்தபோது, அது வெறும் எழுத்து என்று என்னால் ஒதுக்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கணக்காளர் தம்பி சொன்ன மடினாத் தெரு எங்களுக்குப் புதியதன்று. 1981 ஜூன் முதலாம் திகதி, யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த அதே நாட்களில், ஈழநாடு பத்திரிகையின் அலுவலகத்தையும் எரித்தார்கள். 2000 ஒக்டோபர் 19 இரவு ஊடகவியலாளர் நிமலராஜனை அவருடைய வீட்டில் வைத்தே கொன்றார்கள். 2006 இல் உலகப் பத்திரிகைச் சுதந்திர தின மாநாட்டை யுனெஸ்கோ கொழும்பில் நடத்தியது. அந்த மே 2 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சுடப்பட்டவர்கள் ஆசிரியர்களோ நிருபர்களோ இல்லை. விநியோகம், சந்தைப்படுத்தல் போன்ற வேலை பார்ப்பவர்களும் பத்திரிகைக்காகச் சாகலாம் என்பதை எந்த உறுப்புரையும் எண்ணிப் பார்த்து எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. "ஆசிரியரையும் வெளியீட்டாளரையும் தண்டிக்கக் கூடாது" என்கிறது கானா. ஒப்புநோக்குநரை?

கொக்குவில் வாசகர்:

மூவருக்கும் நன்றி. கேட்டதைவிட அதிகம் கிடைத்திருக்கிறது, குழப்பமும் கூடியிருக்கிறது. புதுக்கடைப் பயணி ஐயாவிடம் ஒரு மறுகேள்வி. கானாவின் இராணுவ ஆட்சியில் பத்திரிகைகளை நெரித்தவர்கள் 1993 இற்குப் பின் அதே அரசியலமைப்பின் கீழ் விசாரிக்கப்பட்டார்களா? பழைய காயத்தின் மேல் எழுதப்பட்டது என்றீர்கள், காயம் செய்தவருக்கு என்ன நடந்தது?

புதுக்கடைப் பயணி:

நல்ல கேள்வி, ஐயா. நான் முன்னரே சொல்லியிருக்க வேண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. அதே அரசியலமைப்பின் இறுதியிலுள்ள இடைக்கால ஏற்பாடுகளின் 34 ஆம் பிரிவு, இராணுவ ஆட்சிக் குழுவினர் பதவியிலிருந்த காலத்தில் செய்தவற்றுக்காக அவர்கள்மேல் எந்த நீதிமன்றமும் வழக்கை ஏற்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவைத் திருத்தும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு இல்லை என்றும் எழுதிவைத்துக்கொண்டார்கள். ரோலிங்ஸ் தாமே தேர்தலில் வென்று புதிய அரசியலமைப்பின் முதல் சனாதிபதியானவர் என்பதை நினைத்தால், இதில் வியப்பில்லை. எங்கள் 16 ஆம் உறுப்புரை பழைய சட்டங்களுக்குக் குடை பிடிக்கிறது. அவர்களுடைய 34 ஆம் பிரிவு பழைய ஆட்களுக்குக் குடை பிடிக்கிறது. பழைய சட்டங்களைப் பொறுத்தவரை கானா நம்மைவிட நேர்மையாக நடந்தது. இருந்த சட்டங்கள் தொடரலாம், ஆனால் புதிய அரசியலமைப்புக்கு ஏற்ப மாற்றித்தான் அவற்றை வாசிக்க வேண்டும் என்று 11 ஆம் உறுப்புரை விதித்தது.

ஆனாலும் 1960 ஆம் ஆண்டின் குற்றங்கள் சட்டத்தில் உள்ள 208 ஆம் பிரிவு, அதாவது மக்களிடையே அச்சத்தை உண்டாக்கக்கூடிய பொய்ச் செய்தியை வெளியிடுவது குற்றம் என்பது, இந்த வாசிப்பில் உதிர்ந்துவிடவில்லை. 2001 இல் அவதூறுப் பிரிவுகளை நீக்கியவர்கள் இதை விட்டுவிட்டார்கள். 2022 இன் தொடக்கத்தில் வானொலி நிகழ்ச்சி நடத்துபவர்களைக் கைது செய்யப் பயன்பட்டது இதுவும், 2008 ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பாடல் சட்டத்தின் இதேபோன்றதொரு பிரிவும்தான். வழக்கு முடிவில் தண்டனை கிடைக்கிறதா என்பது பொலிசாருக்கு அவ்வளவு முக்கியமில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கைது செய்தால் திங்கள் வரை உள்ளே வைத்திருக்கலாம் என்ற கணக்கு எந்த நாட்டுப் பொலிசாருக்கும் தெரிந்தது.

ஒப்புநோக்குநர் ஐயா கேட்டதற்கு என்னிடம் உறுப்புரை இல்லை.

திருநெல்வேலி மாணவி:

நான் சட்டம் படிப்பவள். சட்டத்தரணி ஐயாவின் பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு குறையைத் தவிர. எங்கள் நீதிமன்றத்துக்குக் கதவே இல்லை என்பதுபோல ஒரு எண்ணம் வாசகர் வட்டத்துக்குப் போய்விடக் கூடாது. கதவு திறந்திருந்த சமயங்களில் எங்கள் உயர் நீதிமன்றம் கானாவின் 2016 தீர்ப்புக்குக் குறையாத வேலையைச் செய்திருக்கிறது. 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அந்த அதிகாரசபை அமைச்சரின் கைக்குள் இருக்கும், சுயாதீனமாக இயங்காது என்று காட்டி, அது கருத்துச் சுதந்திரத்தோடு முரண்படுகிறது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் அதோடு கைவிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் ஒரு சாதாரண நேயர், தாம் பங்குபற்றிவந்த வானொலிக் கல்வி நிகழ்ச்சி திடீரென நிறுத்தப்பட்டதை எதிர்த்து வழக்கிட்டு வென்றார். பங்குபற்றும் நேயருக்கும் 14(1)(அ) உண்டு என்ற அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. 19 ஆம் திருத்தம் 2015 இல் தகவல் அறியும் உரிமையை 14அ என்று அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. 2016 இல் அதற்கான சட்டமும் வந்தது. கானாவில் அந்த உரிமை 1992 முதல் உறுப்புரை 21 இல் எழுத்தில் இருந்தும், அதைப் பயன்படுத்த வழிசெய்யும் சட்டம் 2019 இல்தான் நிறைவேறியது. 27 ஆண்டுகள்! இந்த ஓர் இடத்தில் சுரைக்காய்க் கதையில் அதிபருக்கு வெற்றி.

கானாவுக்கு, நாட்டு நீதிமன்றங்களுக்கு மேலே, நம்மிடம் இல்லாத இன்னொரு மாடியும் உண்டு. மனித உரிமைகளுக்கான ஆபிரிக்க நீதிமன்றம் 2014 டிசம்பர் 5 இல், புர்கினா பாசோவைச் சேர்ந்த கொனாத்தே என்ற பத்திரிகையாளரின் வழக்கில், அவதூறுக்காக அவரைச் சிறையிட்டது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. ஆசியாவில் அப்படி முறையிட ஒரு பிராந்திய நீதிமன்றம் கிடையாது.

பேச்சில் நடைமுறைத் தகவல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் கணக்கில் வராது. முறையிட யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகமே போதும். இது தெரியாததாலேயே காலம் கடந்துபோன வழக்குகள் எங்கள் பக்கத்தில் நிறைய.

புதுக்கடைப் பயணி:

தங்கச்சி சொன்னது சரி. 1997 தீர்மானத்தை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனாலும் பாருங்கள், அது சட்டமூலமாக இருந்தபோது வென்றது. அதே வாசகங்கள் ஒரு வாரம் கவனிக்கப்படாமல் சட்டமாகியிருந்தால் அதே நீதியரசர்களால் தொட்டிருக்க முடியாது. கானாவின் ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்த பின்னர் வீழ்ந்தன. நான் சொல்ல வந்த வேறுபாடு அவ்வளவுதான்.

கொக்குவில் வாசகர்:

அதிபரிடம் இந்த உரையாடலை அச்செடுத்துக் கொடுத்தேன். சாய்வு நாற்காலியில் இருந்து முழுவதையும் வாசித்தார். "1993 வழக்கில் நேரம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது சரி, கொடுத்தார்களா?" என்று மட்டும் கேட்டார். பேச்சின் முதற்பாதியை 162(3) இலும் மறுபாதியை உறுப்புரை 2 இலும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். மடினாவையும் கஸ்தூரியார் வீதியையும் எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. ஒப்புநோக்குநர் ஐயா, கொப்பித் தாளில் அடித்த பத்திரிகை ஏதாவது உங்களிடம் மிஞ்சியிருக்கிறதா?

பழைய ஒப்புநோக்குநர்:

ஒன்று இருக்கிறது. இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போனபோது உடுப்புப் பெட்டியின் அடியில் விரித்திருந்ததால் தப்பியது. மடிப்பில் உடைந்துபோய் நான்கு துண்டாக இருக்கிறது. பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து ஞாயிறு கொண்டுவருகிறேன். கையில் எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாம் பத்தியில் ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கும். அது கோட்டின் மேல் விழுந்த எழுத்து.